முப்பத்தொரு படி ஏறிய லூர்து அக்கா

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது லூர்து அக்காவின் மகள் ஷீலா போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. காலைல மார்க்கெட்டுக்கு நடந்து போய்ட்டு நடந்துதான் வந்தாங்க. சாப்ட்டுப் படுத்தவங்க எந்திரிக்கல" என்றாள். உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கு நடுவிலேயே அவர் வயது ஞாபகம் வந்தது. எழுபத்தேழு. "ஜெயிச்சுட்டீங்களே அக்கா" என்று வாய்விட்டே சொன்னேன்.

மர்பி டவுனில் அவர் பிறந்த வீட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த வீட்டில் யாரும் அறுபதைத் தாண்டியதில்லை. அம்மாவும் இரண்டு அண்ணன்களும் சர்க்கரை நோயில் போனவர்கள். பெரிய அண்ணனுக்கு முதலில் கால் போனது, அப்புறம் ஆளே போனார். "எங்க வூட்ல அறுபதுன்னா போட்டோவுக்கு மால போடுற வயசு மிஸ். நான் தாண்டிக் காட்டுறேன் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் நான் தமிழ் ஆசிரியை, அவர் அறிவியல் லேபில் உதவியாளர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன். அவர் கடைசி வரை என்னை மிஸ் என்றுதான் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே கோயில் பாடகர் குழுவில் நின்றோம்.

எனக்கு ஐம்பது நெருங்கிய வருடம் தவக்காலத்தில் நாற்பது நாளும் கறி தொடவில்லை. மீன் இல்லை, முட்டைகூட இல்லை. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஈஸ்டர் முடிந்து ரத்தம் சோதித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறியிருந்தது. இப்படியே போனால் கண்ணும் காலும் பத்திரமில்லை என்றார் டாக்டர். ஆசிரியர் அறையில் வந்து கத்தினேன். "நாப்பது நாள் விரதம் இருந்தவளுக்கா சக்கர ஏறும்? ரத்தம் பாத்த லேப் சரியில்ல!"

லூர்து அக்கா டிபன் பாக்ஸை மூடிவிட்டு அமைதியாகக் கேட்டார். "கறிய எழுப்பி அனுப்பிட்டீங்க, சரி. அந்த எடத்துல யார உக்கார வச்சீங்க?"

யோசித்துப் பார்த்தேன். குவித்த வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் கடைத்தெருவில் சுடச்சுட போண்டா. கோபம்தான் வந்தது. "எங்க வீட்ல எண்ணெயே சேக்கறதில்ல அக்கா" என்று வீம்புக்குச் சொன்னேன்.

"சும்னே சொல்லாதீங்க மிஸ். வாய் பொய் சொல்லும், டப்பா சொல்லாது" என்று தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். லேபில் மருந்துப் பாட்டில்களில் ஒட்டும் வெள்ளைச் சீட்டு கொஞ்சம் கையில் கொடுத்தார். எண்ணெய், சர்க்கரை, உப்பு மூன்றிலும் பிரித்த தேதியை எழுதி ஒட்ட வேண்டும். தீர்ந்த அன்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வைத்த பரீட்சை. வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். மாதம் பூராவும் வரும் என்று நான் நினைத்திருந்த ஒரு லிட்டர் எண்ணெய் பதினோராம் நாள் காலியானது. காலிப் பாட்டிலை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இப்பதான் நெஜம் தெரிஞ்சுது. இனி வேலைய ஆரம்பிக்கலாம்" என்று சிரித்தார்.

பத்தியம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. தட்டில் பாதி காய், கீரை. கீரையை அவர் கன்னடத்தில் சொப்பு என்றுதான் சொல்வார். மீதிப் பாதியில் ஒரு பங்கு பருப்போ முட்டையோ மீனோ, ஒரு பங்கு சோறோ ராகிக் களியோ. கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக் கல்கல் பலகாரத்தைக் கை நிறைய அள்ளித் தின்பார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று நாங்கள் கேலி செய்தால், "அது ஒரு நாள் சங்கதி. மத்த நாள் என்னா தின்னீங்கன்னு சொல்லுங்க" என்று எங்கள் மேலேயே திருப்புவார். வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் அவருடைய மருமகன், தான் சாப்பிட்ட சாலட்டை போனில் படம் காட்டினபோதும் விடவில்லை. "இந்தப் போட்டோ நல்லாருக்கு. ஆபீஸ்ல நாலு மணிக்கு தின்ன பப்ஸு போட்டோ எங்க?" பாவம், மனிதர் போனைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவருக்கு எடை பார்க்கும் மிஷினில் நம்பிக்கை இல்லை. கோயிலில் பாடகர் மாடத்துக்கு முப்பத்தொரு படி. ஏறி முடித்ததும், நிற்காமல், மூச்சு வாங்காமல் பாட்டின் முதல் வரியைப் பாட வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இந்தச் சோதனை. முதல் தடவை நான் பாதிப் படியிலேயே கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த ஈஸ்டருக்குள் பாடினேன், சர்க்கரையும் இறங்கியிருந்தது. அறுபதாவது பிறந்தநாளன்று அவர் ஏறிப் பாடியது நம் கோயிலில் பலருக்கு நினைவிருக்கும். எழுபதிலும் பாடினார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமையும் பாடினார். "சாவ யாரு தடுக்க முடியும் மிஸ்? அது வர்ற வரைக்கும் படியேறணும், அதான் கணக்கு" என்பார். சொன்னபடி நடத்திக் காட்டினார்.

அடக்கப் பூசையன்று, "இன்னிக்குக் கீழேயே நின்னு பாடலாம் மிஸ், உங்களுக்கு ஏன் கஷ்டம்" என்றார்கள் பாடகர் குழுவினர். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. எழுபத்தொரு வயதில், அழுதுகொண்டே, கைப்பிடியைத் தொடாமல் முப்பத்தொரு படியும் ஏறினேன். கீழே பெட்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. முதல் வரியைப் பாடினேன். மூச்சு வாங்கவில்லை. குரல் மட்டும் உடைந்தது. அதை அவர் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மாலையில் ஷீலா என்னை அடுக்களைக்குக் கூட்டிப் போனாள். எண்ணெய்ப் பாட்டிலில் அவர் கையெழுத்தில் தேதி இருந்தது, பாட்டிலில் முக்கால்வாசி எண்ணெயும் இருந்தது. "இத கிழிச்சிரவா ஆன்ட்டி?" என்றாள். "அய்யோ வேண்டாம், தீரட்டும். தீந்த அன்னிக்கு எனக்குப் போன் பண்ணு" என்றேன். இழுப்பறையில் மிச்சமிருந்த வெள்ளைச் சீட்டுக் கட்டை அவள் எனக்குக் கொடுத்தாள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். எண்ணிப் பார்த்தேன், இன்னும் பத்து வருடத்துக்குத் தாங்கும்.

எழுபத்தேழுக்கு எனக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. நான் தாண்டிக் காட்டுறேன் பாருங்க அக்கா.