நசரத்பேட்டையில் பெய்த ஒன்பது மில்லிமீட்டர்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், ஐப்பசி மாதத்தில் எங்கள் மொட்டை மாடியில் பெய்த மழையில் ஒரு பங்கு வானத்திலிருந்து வந்ததல்ல. சமையலறைக் குழாயிலிருந்து வந்தது. இத்தனை வருடம் கழித்து இதைச் சொல்லவும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்மாவின் தங்கையான சித்தி அப்போது ஆராய்ச்சி மாணவி. செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றி எங்கெங்கே எவ்வளவு மழை பெய்கிறது என்று தெரிந்தால், இரண்டு மூன்று நாளில் ஏரி எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதற்காக ஆறேழு வீட்டு மாடிகளில் மழைமானி வைத்தாள். மேலே ஒரு புனல், அதற்குள் ஒரு டப்பா, கூடவே கோடு போட்ட ஓர் அளவுக் குடுவை, அவ்வளவுதான். தினமும் காலை எட்டரை மணிக்கு டப்பாவில் சேர்ந்த தண்ணீரைக் குடுவையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, போனில் இருக்கும் குழுவில் போட வேண்டும்.

“மழை இல்லன்னா பூஜ்யம்னு போடணும். பூஜ்யமும் ஒரு அளவுதான்டி, அதை விட்டுடாத,” என்று சித்தி என்னிடம் படித்துப் படித்துச் சொன்னாள். நசரத்பேட்டையில் எங்கள் வீட்டு மானிக்கு நான் பொறுப்பு. பள்ளிக்கூடம் அடுத்த தெரு என்பதால் எட்டரைக்கு நான் வீட்டில் இருப்பேன். இந்தச் சாக்கில் அம்மாவின் போன் பத்து நிமிடம் என் கைக்கு வரும். அந்த ஆசையில் பெரிய மனுஷி போலத் தலையாட்டினேன்.

எங்களுக்குப் பக்கத்து மானி பூந்தமல்லியில், தார்ப்பாய்க் கடை வைத்திருந்த பாய் வீட்டு மாடியில் இருந்தது. மற்ற மானிகளெல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கம். பாய் கல்யாணப் பந்தலுக்கும் கட்டட வேலைக்கும் தார்ப்பாய் கட்டித் தருபவர். மழை என்றால் அவருக்கு விளையாட்டில்லை. எட்டரை அடித்தால் அவருடைய எண் வந்து நிற்கும்: ‘பூந்தமல்லி 22.’ வெள்ளியோ ஞாயிறோ, ஒரு நாள் தவறியதில்லை என்று சித்தி சொல்லுவாள்.

சனியன் பிடித்தது சித்தி போட்ட ஒரு படத்தால். எல்லோருக்கும் உற்சாகமாக இருக்கட்டும் என்று, அன்றைக்கு அதிக மழை பதிவான வீட்டுக்கு இரண்டு கைகள் தட்டுகிற படத்தைப் போடத் தொடங்கினாள். முதல் வாரம் முழுக்கக் கைதட்டல் பூந்தமல்லிக்கே போனது. எனக்கு வயிறு எரிந்தது. வகுப்பில் அப்போது நான் மூன்றாவது ரேங்க். எங்கேயாவது முதலாவதாக வர வேண்டும் என்று தவியாய்த் தவித்துக்கொண்டிருந்த காலம். மழையையும் நான் மார்க்காகத்தான் பார்த்தேன்.

எனவே ஒரு நாள், பாய் எண் போடும் வரை காத்திருந்தேன். ‘பூந்தமல்லி 14.’ என் குடுவையில் பதினொன்று. அதைத் திரும்ப டப்பாவிலேயே கொட்டினேன். கீழே போய் அரை டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து புனலில் ஊற்றினேன். இப்போது அளந்தால் பதினாறு. போட்டேன். கை தட்டினாள் சித்தி.

பொய் சொல்கிறோம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? டப்பாவில் இருந்ததை அளந்தேன், அளந்ததைப் போட்டேன். சும்மா ஓர் எண்ணை அடித்திருந்தால் அல்லவா பொய்? ஆனால் யாரும் பார்க்காதபடி டம்ளரை முந்தானைக்குள் மறைப்பது போலத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டுதான் மாடி ஏறினேன். உறைக்காதவள் எதற்கு மறைக்க வேண்டும்?

ஒரு மாதம் நசரத்பேட்டைதான் முதல் ரேங்க். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு அக்காவுக்குக் கல்யாணம். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்கு வெளியே, நடுத்தெருவில், அம்மா விடியற்காலையில் ஒரு கோலம் போட்டாள். அவ்வளவு பெரிய கோலத்தை எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று எங்கள் பக்கம் ஒரு பொட்டு மழை இல்லை. திங்கள் காலை டப்பா காய்ந்து கிடந்தது. பாய் ‘பூந்தமல்லி 4’ என்று போட்டிருந்தார். பூஜ்யம் போட எனக்கு மனம் வரவில்லை. ‘நசரத்பேட்டை 9’ என்று போட்டேன்.

அந்த வாரக் கடைசியில் சித்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பக்கத்துப் பக்கத்து மானிகள் இரண்டும் ஒட்டவே இல்லை, ஒன்று நிச்சயம் தப்பு, தப்பானதை எடுத்துவிடு என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டாராம். பாய் வீட்டை ஒட்டி யாரோ புதிதாக இரண்டாவது மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவர் மழையை மறைக்கிறது என்று சித்தி முடிவு கட்டினாள். சொந்த அக்கா மகள்மேல் சந்தேகப்பட அவளுக்கு ஏன் தோன்றப்போகிறது? துணைக்கு என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள்.

பாய் எங்களை மாடிக்கு அழைத்துப் போனார். மானியைச் சுற்றி ஒரு தூசி தும்பு இல்லை. பக்கத்துச் சுவர் அவ்வளவு கிட்டத்திலும் இல்லை. சித்தி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

“செவுரா? அது அந்தாண்ட கீதேம்மா,” என்றார். பிறகு ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தேதி, மணி, எண் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். “ஒரு நாளு வுட்டதில்ல. கடைய லேட்டா தொறப்பேனே தவிர இத்த வுட மாட்டேன். நம்ம எழுதறத வச்சி ஏரிக்கு எம்மாம் தண்ணி வரும்னு சொல்றாங்கன்னு எங்க ஊட்ல எல்லாருக்கும் பெரும.”

சித்தி நோட்டைப் புரட்டிக்கொண்டே நின்றாள். பாய் என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, போன ஞாயித்துக்கெயம உங்க தெருவுல கண்ணாலத்துக்கு நாங்கதான் தார்ப்பாய் கட்னோம். நடுத்தெருவுல ஒரு கோலம் போட்டிருந்தாங்கோ, இம்மாம் பெருசு. மறுநா காலைல அவுக்க வரேன், ஒரு புள்ளி கூட கலையாம அப்டியே கீது. நீ பாத்தியா?”

“பாத்தேனே! எங்க அம்மா போட்டது,” என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். சற்று நேரம் கழித்து, “நல்லா போட்றாங்கோ உங்கம்மா,” என்றார். சித்தியிடம், “என்னுதுதான் தப்பா இருக்கும்மா. கயட்டிக்கோங்க,” என்று சொல்லி, ஸ்பேனரை அவரே எடுத்துவந்து நட்டுகளைக் கழற்றினார். கீழே வந்ததும் எனக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார். மானியின் புனலை மடியில் வைத்துக்கொண்டு, பிஸ்கட்டைத் தின்றபடியே வீடு வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் முகத்திலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதன் பிறகு அந்தப் பக்கத்துக்கு என் மானி ஒன்றே ஆதாரம். கைதட்டலுக்காக நான் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தவில்லை. கார்த்திகையில் நல்ல மழை பிடித்தது. ஏரி இத்தனை அடி ஏறும் என்று சித்தி கணக்குப் போட்டுப் பேராசிரியரிடம் கொடுத்தாள். ஏரி அதில் பாதிகூட ஏறவில்லை. அந்தப் பருவத்தின் எண்கள் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த ஐப்பசிக்காக ஒரு வருடம் காத்திருந்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் அழுதபோது, டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மறு வருடம் மானி வைக்க அவள் திரும்பவும் பாயிடம் போய்க் கேட்டாள். “வேற யாருக்காச்சும் குடும்மா, எனக்குத்தான் சரியா வரல,” என்று சொல்லிவிட்டாராம்.

இப்போது நான் அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். போன மாதம் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் யாரோ போட்டிருந்த கோலத்தின்மேல் தூறல் விழுந்தது. குடையை விரிப்பதற்குள் பாதிக் கோலம் கரைந்து ஓடிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்று பூந்தமல்லியிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக நான் அம்மாவிடம் ஓடியிருந்தேன். பாய் உன் கோலத்தை அப்படிப் புகழ்ந்தார் என்று சொன்னேன். அம்மாவுக்கு நாள் முழுக்கச் சந்தோஷம். ஒன்பது மில்லிமீட்டர் பெய்த தெருவில் கோலம் எப்படியம்மா கலையாமல் இருந்தது என்றுதான் அந்த மனிதர் என்னைக் கேட்டிருக்கிறார். சித்தியின் காதில் விழுந்தும் விழாமலும், நானே சொல்லட்டும் என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்ல எனக்கு நேரமும் கொடுத்துக் காத்திருந்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.