கோயில் கொடிக் கயிற்றை அறுத்தவள்

அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கட்டிய கொடிக் கயிற்றை அறுத்தது நான்தான். ஸ்டெல்லா அக்கா அல்ல.

நீங்கள் நம்பாமல் போகலாம். எங்கள் ஊரில் இப்போது யாரும் யாரையும் நம்புவதில்லை!

கேரளத்து வித்துராவுக்கு மேலே, மலையில், தேயிலைத் தோட்டத்து லயம் எங்களுடையது. ஒரே கூரைக்கு அடியில் எட்டு வீடுகள். நான்கு இந்துக்கள், நான்கு கிறிஸ்தவர்கள். அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கும் எனக்கும் துணி காயப்போட ஒரே கம்பிதான். அவள் மகளின் துணியும் என் மகனின் துணியும் அதில் சேர்ந்தே காயும்.

அந்தக் கம்பிக்கு மேலேதான் கொடிகளைக் கட்டியிருந்தார்கள். மழையில் சிவப்புச் சாயம் குழந்தையின் துணிகளில் ஒழுகியது. பிள்ளைக்குத் தோல் தடித்துவிடுமோ... எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கத்தரிக்கோலால் வெட்டினேன். கொடிகள் மொத்தமும் சேற்றில் விழுந்தன.

எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்த பகல் அது. லயத்தில் இருந்தது கைக்குழந்தைக்காரிகள் நாங்கள் இருவர் மட்டும்.

சாயங்காலம் ஊரே திரண்டு வந்தது. கிறிஸ்துமஸுக்கு யாரோ குருசடியின், அதாவது வழியோரச் சிலுவைக் கோயிலின், நட்சத்திர விளக்கை உடைத்திருந்தார்கள். அதற்குப் பழிவாங்கல் இது என்று முடிவே கட்டிவிட்டார்கள்!

திருவிழாக் கமிட்டித் தலைவர் என்னிடம் வந்தார். "மோளே, யாரு அறுத்தா? நீ கண்டியா?"

"இல்ல மாமா. பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு அப்படியே உறங்கிட்டேன்."

நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லையே... இப்படித்தான் அன்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் விழித்திருந்தவள் ஸ்டெல்லா அக்கா ஒருத்திதான் என்று சொல்லிவிட்டேன் அல்லவா? பி.எட். படித்தவள் நான். தெரியாமலா சொன்னேன்?

"பின்ன யாரு? அந்தக் குருசுக்காரிதான்!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

ஸ்டெல்லா அக்காவின் கணவர் ஜீப் ஓட்டுபவர். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பள்ளிக்கு ஏற்றிப்போனவர். அன்றைக்கே அந்த ஜீப்பின் கண்ணாடிகள் நொறுங்கின. மறுவாரம் எங்கள் இந்துப் பிள்ளைகளுக்கு வேறு ஜீப் வந்தது. குழாயடியில்கூட இப்போது தனித்தனி நேரம். யாராவது என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தால் பாதிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறேன்... தெரிந்திருக்குமோ? என் கணவருக்கு? இதைப் படிக்கும் உங்களுக்கு என் லயம் எதுவென்று தெரியுமோ?

ஸ்டெல்லா அக்கா வீட்டார் வித்துராவுக்குக் குடிபோய்விட்டார்கள். போன மாதம் சந்தையில் ஸ்டெல்லா அக்காவே வந்து என் கையைப் பிடித்தாள்.

"பிள்ள நடக்கானா?"

"நடக்கான் அக்கா."

"அன்னைக்கு நீ உறங்குனது நல்லதாப் போச்சு, கேட்டியா? இல்லேன்னா உன்னையும் சாட்சிக்கு இழுத்திருப்பாங்க."

அவள் முகத்தையே பார்த்தேன். பரிவா, குத்தலா? தெரிந்துதான் சொன்னாளா? அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்...

"ஆமா அக்கா, நல்ல உறக்கம்" என்றேன்.