கோட்டின் மேல் முளைத்த பூசணம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் எழுபதுகளில், திருவள்ளூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில், என்னைக் கேட்காமல் ஒரு பிளேட்டும் இன்குபேட்டருக்குள் போகாது. அட்டெண்டர் வேலைதான். கிருமி வளர்க்கும் அகர் கூழைக் காய்ச்சி பிளேட்டில் ஊற்றுவது, வேலை முடிந்த பிளேட்டைக் கொதிக்கவைத்துக் கொட்டுவது. கண் மட்டும் படித்தவர்களைவிடக் கூர்மை. பெருமை என்றால் பெருமைதான், இருக்கட்டும்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. பிளேட்டில் பூசணம் பூத்தால் அது ‘கெட்ட பிளேட்’. காற்றில் பறந்துவந்து விழுந்தது என்று அர்த்தம். யாரையும் கேட்காமல் நானே கொட்டிவிடலாம்.

பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்துப் பெண் கனகா, ஆறு வயது, வார்டில் இருந்தாள். சிறுநீரக வியாதிக்கு மாதக்கணக்காக ஸ்டீராய்டு மாத்திரை. உடம்பு வீக்கம் வடிந்தது. ஆனால் இருமலும் காய்ச்சலும் வந்தன. பிறகு விலாவில் ஒரு கட்டி. பென்சிலினுக்குக் கேட்கவில்லை. டாக்டரம்மா கட்டியில் ஊசி குத்திச் சீழ் எடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் பிளேட்டில் பூசணம். பார்த்தேன், கொட்டினேன். டெக்னீஷியன் ராஜம்மா மிஸ் ‘கிருமி வளர்ச்சி இல்லை’ என்று எழுதிவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடி சீழ் வந்தது. பின்னாலேயே கனகாவின் அப்பா லேப் வாசலுக்கு வந்துவிட்டார்.

“இன்னா நைனா, எத்தினி ஊசி போட்டாலும் ஜொரம் வுட மாட்டேங்குது. கொயந்த கஞ்சிகூட முழுங்கல. அந்தச் சீயில இன்னாதான் கீதுன்னு சொல்லக்கூடாதா?”

“நான் பாக்கறேன், நீ போ” என்றேன் மிடுக்காக.

மூன்றாம் நாள் திறந்தால் மறுபடி பூசணம். கை வழக்கம்போல் கொதிக்கிற டிரம் பக்கம் போய்விட்டது. வெளிச்சத்தில்தான் தெரிந்தது. காற்றில் விழுந்த பூசணம் கண்ட இடத்தில் திட்டாக வளரும். இதுவோ மிஸ் சீழைத் தொட்டு லூப் கம்பியால் இழுத்த கோட்டின் மேலேயே, நாற்று நட்டதுபோல் வரிசையாக முளைத்திருந்தது. அதே நாள் ஊற்றிய மற்ற பிளேட்டுகள் எல்லாம் சுத்தம்.

“மிஸ், இது காத்துல வந்தது இல்ல. சீயிலயே இருந்துகீது.”

“அஞ்சாங்கிளாஸு எனக்குப் பாடம் எடுக்குதா? கெட்ட பிளேட்டு, கொட்டுய்யா.”

“நீங்க இழுத்த கோட்டைப் பாத்துக்கினு காத்து வந்து குந்துமா மிஸ்?”

மிஸ் பிளேட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீதியிருந்த சீழில் ஒரு சொட்டை சிலைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். “நூல் நூலா கீதுய்யா” என்று எழுந்தவர் டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினார்.

டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தப் பூசணம் நம்ம மூச்சுல தினமும் போறதுதான். நமக்கு ஒண்ணும் பண்ணாது. மாத்திரையால எதிர்ப்பு சக்தி கொறஞ்ச கொழந்தைக்கு நுரையீரல்ல எறங்கி, அங்கேருந்து விலா வரைக்கும் வந்துடும். போன வாரத்து பிளேட்டு எங்க?”

“நான்தாம்மா கொட்டிட்டேன்” என்றேன்.

“ஒரு வாரம் போச்சு” என்றார். அதற்குமேல் திட்டவில்லை.

பூசணத்தைக் கொல்லும் மருந்து மெட்ராஸிலிருந்து வந்தது. ட்ரிப்பில் மெதுவாக ஏற்றும்போது குழந்தைக்குக் குளிர் தூக்கிப்போடும். சிறுநீரகத்தையும் பாதிக்கும் மருந்து என்பதால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஸ்டீராய்டைக் குறைத்தார்கள். கட்டியைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். மூன்றாம் வாரம் காய்ச்சல் விட்டது. இரண்டு மாதம் கழித்து கனகா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள். நாலு படி இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது. அந்த ஒரு வாரம் வீணாகாமல் இருந்தால் அதுவும் இருந்திருக்காதோ என்னவோ. டாக்டரம்மாவைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பூசணத்தைக் கண்டதும் கொட்டாதே. எங்கே முளைத்திருக்கிறது என்று பார், யாருடைய பிளேட் என்று படி. நான் கொட்டிய அந்த முதல் பிளேட்டிலும் கனகா என்றுதான் எழுதியிருந்தது.