சில்லுக்குப் பூசிய திருநீறு

அம்மன் அடியார்களே, இந்த யுத்த காலத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவி பாக்கியம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. காரில் இருத்த முடியாது. படுக்கவைத்துத்தான் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. மரத்துப்போய் நின்றேன்.

எங்கள் ஊர் சரவணையில் நான் வாடகைக் கார் ஓடினேன். காருக்குப் பின்னால் கொளுவி இழுக்க, புகையிலை ஏற்றும், இரண்டு சக்கரம் பூட்டிய இருசில்லுப் பெட்டியும் இருந்தது. பெற்றோல் பங்கீட்டால் அது நெடுநாளாய் வெயிலில் சும்மா நின்றது. ரயர் தேயவே இல்லை. ஓடாத ரயர் புதுசுதானே என்று நினைத்தேன். பெரிய கெட்டிக்காரன் நான்! காற்றடித்து, வைக்கோல் பரப்பி, அயலவர் கைகொடுக்க, அவளைப் பலகையில் கிடத்திப் பெட்டியில் ஏற்றினோம்.

"நயினாதீவுத் தாயே, இவளை நடக்க வை" என்று கேட்டேன். அதற்கு மேல் வாயில் வார்த்தை வரவில்லை. குழைத்த திருநீற்றை அவள் நெற்றியில் பூசினேன்.

"இஞ்சேருங்கோ, சில்லுக்கும் பூசி விடுங்கோ" என்றாள், வலியோடு.

"பேசாமல் கிடவும், நேரம் போகுது."

"அம்மாளாச்சி காவல் வேணுமெல்லே. பூசுங்கோ."

குனிந்து பூசினேன். வேலியோரச் சில்லில் ஒன்றுமில்லை. வெயில் பக்கத்துச் சில்லில் திருநீறு இழுத்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள் கிளைத்தன. அத்தனையும் வெடிப்பு. பெருவிரலால் அழுத்தினேன், உள்ளே நூல் தெரிந்தது.

காரின் மேலதிகச் சில்லு அந்தப் பெட்டிக்கும் பொருந்தும். கழற்றி மாட்டினேன். மெதுவாய் ஓட்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். மறுநாள் திரும்பி வந்தபோது, சுவரில் சாய்த்து வைத்த பழைய சில்லு, ஒரு பாரமும் இல்லாமலே வெயிலுக்கு வெடித்துக் கிடந்தது. அந்தச் சில்லோடு ஓடிய பெட்டியில் அவள் படுத்திருந்தால்? அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

மாதங்கள் போயின. இப்போதெல்லாம் பெட்டியைக் கொளுவுமுன் ரயரைச் சுற்றிவரத் தடவிப் பார்க்காமல் நான் புறப்படுவதில்லை. ஓடாமல் நின்றதென்றால் இன்னும் கவனமாய்ப் பார்ப்பேன்.

போன ஆனியில் அம்மனைக் கும்பிட நயினாதீவுக்குப் போனோம். வள்ளத்திலிருந்து இறங்கியதும் கை கொடுத்தேன்.

"விடுங்கோ, எனக்கு ஏலும்" என்றாள்.

நொண்டி நொண்டி, தன் காலாலேயே கோயில் வரைக்கும் நடந்தாள். பின்னால் போன நான் தேம்பித் தேம்பி அழுதேன். மனம் மரத்துப்போனவர்களே, ஒரு வார்த்தைதான் வருமென்றாலும் அந்தத் தாயைக் கூப்பிடுங்கள். எனக்கும் அவ்வளவுதான் வந்தது.