வெள்ளிக்கிழமைக்குப் பொருந்தாத உறை

தேவாரப் புத்தகத்தின் மேல் அத்தான் அந்தக் கறுப்புத் தோல் உறையை வைத்தார். கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொள்ளும் உறை. உள்ளே ஒன்றும் இல்லை. டெக்சாஸில் இருந்து வந்த அவர், என் அக்காவின் கணவர், எனக்கென்று கொண்டுவந்த பரிசு அதுதான். நான் அதைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

அவர் சும்மா வரவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் நாங்கள் குடியேறிய வட ஐரோப்பிய நகரத்தின் குறொன்லாண்ட் பகுதியில் எங்களுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. ஒருநாள் பட்டப்பகலில் ஒருவன் உள்ளே புகுந்து என் கழுத்தில் கத்தியை வைத்தான். அதன்பிறகு கடைக் கதவின் மணி அடித்தாலே திடுக்கிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் குனிவேன். அதைத் தொலைபேசியில் அக்காவிடம் சொன்னது என் பிழை.

மூன்று நாள் அத்தானின் பாடம் நடந்தது. பெரிய பிஸ்டல் கையில் ஆடாமல் நிற்கும், ஆனால் சட்டைக்கு மேலே புடைத்துக் காட்டும். சின்னது ஒளியும், சுடும்போது துள்ளும். உறை விசையை முழுதாக மூடவேண்டும், இடுப்புப் பட்டி தடிப்பாக இருக்கவேண்டும். "எல்லாத்திலும் முக்கியம், ஒரு நாளும் கழட்டக் கூடாது. ஒவ்வொரு நாளும் இடுப்பிலை இருக்கவேணும்."

இந்த நாட்டில் கிளப்பில் சேர்ந்து சுடுகிறவன்கூடப் பெட்டியில் பூட்டித்தான் கொண்டுபோகலாம், ஒளித்துக்கொண்டு திரிந்தால் பிடித்து மறியலில் அடைப்பார்கள் என்றேன்.

"ஆர் உன்ரை சேட்டைத் தூக்கிப் பாக்கப் போறான்?" என்று அத்தான் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவனிடம் துவக்கைக் கட்டு என்று சொல்ல இந்த மனிதருக்கு எப்படி மனம் வந்தது? ஆனால் வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்தது. குளியலறையில் அந்த உறையைக் கட்டியும் பார்த்தேன். மனைவி கண்டுவிட்டாள்.

அன்றைக்கு அத்தானுக்குப் புட்டு வைத்தபடியே கேட்டாள். "அண்ணை, ஒவ்வொரு நாளும் எண்டால் வெள்ளிக்கிழமையுமோ?"

"ஓம் பிள்ளை, அதிலை என்ன?"

"இவர் கோயிலிலை சேட்டைக் கழட்டிப்போட்டு வேட்டியோடை நிப்பார். எங்கை ஒளிக்கிறது? விபூதிக்குக் கீழையோ?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. "பகிடி விடுங்கோ. திரும்பக் கத்தியோடை வந்தால் முருகனே வந்து பிடிப்பார்?" என்றார். என் வீட்டுப் புட்டைத் தின்றுகொண்டு சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை அவரையும் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். சட்டையைக் கழட்டியதும் அவருடைய வலது கை வெறும் இடுப்பை அடிக்கடி தடவியது. தீபாராதனைக்கு மணி அடிக்க எல்லோரும் கை குவித்தோம். அத்தான் மட்டும் முருகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார். மெல்லத் தோளைத் தொட்டேன்.

"நீ கும்பிடு. நான் கதவைப் பாக்கிறன்."

பகிடிக்குச் சொல்லவில்லை. அத்தனை வருடம் இடுப்பில் கட்டித் திரிந்தது அவருக்குக் கொடுத்த தைரியம் இவ்வளவுதானா? இதையா எனக்கும் கட்டிவிட வந்தார்? வீட்டுக்கு வந்ததும் உறையை அவருடைய பயணப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன்.

"பயந்தாங்கொள்ளி" என்றார்.

"ஓம்" என்றேன்.

உண்மைதான். கடை கைமாறிப் பல வருடமாகியும் மணிச்சத்தம் கேட்டால் இன்னும் திடுக்கிடுகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறேன்.