தங்கச்சிக்கு ஒரு கிண்ணம் சோறு

மில்லிக்கன் பக்கத்துக் கொரியன் சூப்பர்மார்க்கெட்டுக்கு நாங்கள் போவது கத்தரிக்காய்க்காக. குழம்புக்கு அந்த நீளக் கத்தரிக்காய்தான் சரி என்பது என் மனைவியின் கட்சி. போன சனிக்கிழமை அவர் கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பாத்திரங்கள் இருந்த பக்கம் போய் மூடி போட்ட ஒரு பித்தளைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். எடுத்தவன் திரும்ப வைக்க மறந்து நின்றுவிட்டேன்.

"உது என்னத்துக்கு? வீட்டில இல்லாத சட்டியே?"

"சும்மா பாத்தனான்" என்றேன். கத்தரிக்காய் வாங்க வந்த இடத்தில் அவருக்கு விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. உங்களுக்குச் சொல்லலாம்.

எழுபதுகளின் தொடக்கம். ரொறன்ரோத் தெருவில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் பின்னால் ஓடிப்போய் ஊர் விசாரித்த காலம். நானும் செல்வண்ணையும் புளூர் வீதியில் மிஸ்டர் பார்க் என்ற கொரியரின் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தோம். செல்வண்ணை என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. கீழே மிஸிஸ் பார்க் கோவா இலைகளுக்கு மிளகாய்த் தூளும் உள்ளியும் பிசைந்து ஊறப்போட்டால் மணம் படியேறி எங்கள் அறைக்கு வந்துவிடும். முதல் வாரம் மூக்கைப் பொத்தினோம். இரண்டாம் மாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பு வைக்கிற ஆட்கள் மணத்தைப் பற்றி வாய் திறக்கலாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் நான்கு பேர். மேசையில் ஐந்து கிண்ணம். ஐந்தாவதில் சோறு போட்டு, மூடி, கரண்டியும் வைத்திருந்தது. கதிரையில் ஆளில்லை.

செல்வண்ணை குரலைத் தாழ்த்தினார். "ஆரோ செத்தவைக்குப் படைச்சிருக்கினம். மரியாதை செய்யாமல் சாப்பிடக்கூடாது, தம்பி."

மேலே ஓடிப்போய், ஹிப்பிப் பையன்களின் கடையில் வாங்கி வைத்திருந்த ஊதுவத்தியை எடுத்து வந்தார். ஒரு வாழைப்பழத்தில் குத்தி, கொளுத்தி, கிண்ணத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். நானும் பக்திப் பரவசமாகக் கும்பிட்டேன். நிமிர்ந்தால் மிஸிஸ் பார்க்கின் முகம் வெளிறிப் போயிருந்தது. கொரியர்களும் இறந்தவர்களுக்குத்தான் ஊதுவத்தி கொளுத்துவார்களாம்.

மிஸ்டர் பார்க் வாழைப்பழத்தை மெல்லத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே வைத்தார். "அவள் சாகேல்லை. வரப் பிந்துது, அவ்வளவுதான்" என்றார். அவர் பேசியது உடைந்த ஆங்கிலம். என் நினைவில் அது எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது, மாற்ற மனமில்லை.

அவள் என்றது மிஸிஸ் பார்க்கின் தங்கை. கொரியப் போர்க்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே ஓடி வரும்போது, ஒரு ரயில் நிலைய நெரிசலில் அக்காவின் கைப்பிடியிலிருந்து நழுவிப் போனவள். அப்போது ஒன்பது வயது. வடக்கிலேயே நின்றுவிட்டாள் என்று முடிவு செய்திருந்தார்கள். வீட்டில் இல்லாத ஆளுக்கும் சோறு போட்டு மூடி வைப்பது அவர்கள் வழக்கம். எங்கே இருந்தாலும் அவள் பசியோடு இருக்கக்கூடாதாம். செல்வண்ணை அன்று சோற்றைப் பிசையாமல் சாப்பிட்டார்.

பிறகு ஒருநாள் ரேடியோ சொன்னது: பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைப்பது பற்றி வட, தென் கொரிய அரசுகள் பேசப் போகின்றன. மிஸ்டர் பார்க் பால் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொக்லேட் கொடுத்தார். ஏன் என்று கேட்ட வெள்ளைக்காரக் கிழவரைக் கட்டிப்பிடித்தார். தெற்கில், உறவைத் தேடுகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். சியோலில் இருந்த மிஸிஸ் பார்க்கின் சித்தப்பா தங்கையின் பெயரைக் கொடுத்தார். பேச்சுவார்த்தை போய்க்கொண்டே இருந்து, ஒருநாள் நின்றுபோனது. எல்லை திறக்கவில்லை. கடை ரேடியோ பழையபடி ஹொக்கி சொன்னது. மிஸிஸ் பார்க் மட்டும் ஐந்தாவது கிண்ணத்தை எடுத்து வைப்பதை நிறுத்தவில்லை.

ஓர் இலையுதிர்காலக் காலையில் கடை டெலிபோன் அடித்தது. சியோல் சித்தப்பா. மிஸிஸ் பார்க் ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சாமான் வாங்க நின்றவர்களைச் செல்வண்ணை பார்த்துக்கொண்டார். வாயில் வந்த விலை சொல்லி வியாபாரம் செய்தார்.

நடந்தது இதுதான். தங்கை அடுத்த ரயிலிலேயே தெற்கே வந்துவிட்டாள். இத்தனை காலமும் பூசான் சந்தையில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். அக்கா வடக்கில் அகப்பட்டுக்கொண்டாள் என்று நினைத்து அவளும் பெயர் கொடுத்திருந்தாள். இரண்டு பெயரும் ஒரே பட்டியலில் இருந்ததை யாரோ கவனித்திருக்கிறார்கள். எல்லையைத் திறந்தால்தான் சேர முடியும் என்று இரண்டு பேரும் எல்லைக்கு ஒரே பக்கத்தில் இருந்து காத்திருந்திருக்கிறார்கள். பேசித் தோற்ற அரசுகளுக்கு அன்று நான் மனதாரப் புண்ணியம் கொடுத்தேன்.

விசா அலுவல்களிலேயே ஒரு பனிக்காலம் போயிற்று. மிசிசாகா விமான நிலையத்தில் இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துச் சத்தம் போட்டு அழுதார்கள். காரில் ஏறியதும் அதே சத்தத்தில் சண்டை தொடங்கியது.

"என்னவாம்?" என்று செல்வண்ணை கேட்டார்.

"ஸ்ரேசனில ஆர் கையை விட்டது எண்டு பிரச்சினை" என்றார் மிஸ்டர் பார்க். "நான்தான் விட்டனான் எண்டு ரெண்டு பேரும் சொல்லுகினம்."

புளூர் வீதி வரை தீர்ப்பு வரவில்லை. காருக்குள் எல்லோரும் சிரித்தோம், அவர்களும்தான்.

மேசையில் ஐந்து கிண்ணம். இந்த முறை ஐந்து பேர். ஒருவரும் கை வைக்கவில்லை. தங்கை மூடியைத் தூக்கினாள். ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. அவள் ஏதோ சொல்ல, மிஸிஸ் பார்க் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"இவ்வளவு நாள் வைச்சும் சோறு ஆறேல்லையாம்" என்றார் மிஸ்டர் பார்க்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் பபிள் ரீ விற்கிறார்கள். செல்வண்ணை இல்லை, பார்க் தம்பதி இல்லை. நானும் அந்தப் படிகளில் இனி ஏறமாட்டேன். ஆனால் முதலில் காணாமல் போனது அந்தக் கிண்ணத்தின் மூடி. தங்கை வந்த ஒரு வாரத்தில் எங்கோ போய்விட்டது. மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்றாலே வீட்டைப் புரட்டிப் போடுகிறவர் மிஸிஸ் பார்க். அந்த மூடியை அவர் தேடவேயில்லை.