தலத்தெருவுக்கு வந்த ஓநாய்

போன ஞாயிறு காலை எங்கள் தலத்தெருவில் ஒரே பரபரப்பு. ஓநாய் வந்துவிட்டதாம்!

காரைக்காலில் ஓநாயா? இங்கே கடல் உண்டு, வாய்க்கால் உண்டு, களிமண் உண்டு... அது எந்த பஸ்ஸில் வந்து இறங்கியது?

நானும் போய்ப் பார்த்தேன். என் ஆபீஸ் நண்பர் மரியதாஸ், அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார். மந்தையோடு வந்தவர் ராமநாதபுரத்துக் கருப்பையா. விடிகாலையில் அவர் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்பினால், நான்கு ஆடுகள் கடிபட்டுச் செத்துக் கிடந்தன.

"ஓநாய்தாங்க, சந்தேகமே இல்ல" என்றார் மரியதாஸ், நான் கேட்பதற்கு முன்பே.

கருப்பையா ஆடுகளைப் புரட்டிப் பார்த்தார். "ஓநாய் பசிச்சாத்தான் வரும் சார். கழுத்தைக் கவ்வி ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிரும். இது தொடையைக் கடிச்சு, திங்காமப் போட்டிருக்கு. வீட்டுச் சோறு தின்ன நாயோட வேலை."

அவர் ஊர்ப் பொட்டலும் முள்காடும்தான் ஓநாயின் இடம். முன்பெல்லாம் நாலைந்தாகச் சேர்ந்து திரியுமாம். இப்போது ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். கொல்லக் கூடாது என்று சட்டம் வந்து வருடங்கள் ஆகின்றன — யார் படித்தார்கள்?

பக்கத்து வயல்காரர்கள் படிக்கவில்லை. ஓநாய் மறுபடி வரும் அல்லவா? செத்த ஆட்டின் கறியில் பூச்சிமருந்தைப் பிசைந்து வரப்பில் வைக்கக் கிளம்பிவிட்டார்கள்.

மரியதாஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் வீட்டு நாயின் பெயர் டைகர். விடிந்ததும் அவிழ்த்துவிட்டால், அந்த வரப்புகளில்தான் அதன் ராஜ்யம். அன்று காலை அதன் வாயில் ஒட்டியிருந்த ரத்தத்தை மனிதர் சத்தமில்லாமல் கழுவிவிட்டிருக்கிறார்.

கறிச்சட்டி வரப்பை நெருங்கியது. மரியதாஸ் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"வைக்காதீங்க... ஓநாய் இல்ல. நம்ம டைகர்தாங்க."

ஆளுக்கு ஆள் திட்டினார்கள். ஆட்டைப் பறிகொடுத்த கருப்பையாவும் நன்றாகவே திட்டினார். மரியதாஸ் நஷ்டத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, கருப்பையா பீடியைப் பற்றவைத்தபடி என்னிடம் சொன்னார்:

"இவராவது வாயைத் தொறந்தார் சார். எங்க பக்கம் நாய் கடிச்சதுக்கெல்லாம் ஓநாய்க்குத்தான் மருந்து வச்சாங்க."

டைகர் இப்போது இரும்புச் சங்கிலியில் சௌக்கியமாக இருக்கிறது. ஓநாய்க்குத்தான், குறுக்கே வந்து நிற்க ஒரு மரியதாஸ் இல்லை!